கடலா, கடலையா? - ஒரு எழுத்துருவும் ஆறு மணி வேனும்

கொஞ்ச நாளா ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. இன்னைக்கு எழுதப் போறது எழுத்தைப் பத்தி. பயப்படாதீங்க மக்களே, இலக்கியச் சண்டை எல்லாம் இல்லை. அ, ஆ-ங்கற எழுத்தோட உருவத்தைப் பத்தித்தான். அலை மாதிரி வளைச்சு, நுரை தெளிச்சு, நீலம் பூசி, "கடல் தீம்"னு சொல்லி அலங்கார ஃபான்ட் கிடைக்குதே, அதை எடுத்து பேனர்ல, நோட்டீஸ்ல, கடை போர்டுல போடுறோமே, அந்தச் சமாச்சாரம்.

வரலாறு நிறையவே வரும். அதுக்கு முன்னாடி என் வண்டவாளம் ஒண்ணு தண்டவாளம் ஏறும். விழுப்புரத்துக்காரன் வண்டவாளம் தண்டவாளம் ஏறலைன்னா தான் அதிசயம், ஊரே ஜங்ஷன் :-)

கொஞ்சம் கொசுவத்தி

நமக்குத் தொழில் கணக்கு எழுதறது. டிசைன் பண்றது சும்மா ஆசைக்கு. திண்டிவனத்துல நண்பன் ஒருத்தன் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வச்சிருக்கான். லீவு நாள்ல அங்க போய் உக்காந்து, கோரல் டிராவுல எதையாவது வரைஞ்சு அவன் பொழப்பைக் கெடுக்கறது என் வழக்கம்.

சில வருஷத்துக்கு முன்னாடி மாசி மகத்துக்கு அவன் தெருக்காரங்க ஒரு பேனர் கேட்டாங்க. மாசி மகம் தெரியும்ல? மாசி மாசத்துல மக நட்சத்திரம், பௌர்ணமியை ஒட்டி வரும். அன்னைக்குச் சாமிகளைக் கடலுக்குக் கொண்டு போய்த் தீர்த்தவாரி நடத்துவாங்க. புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில சுத்துப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் வரிசையா நிக்கும். நம்ம பக்கத்துல இருந்து மயிலம் முருகன் போவார். செத்துப்போன பெரியவங்களை நினைச்சு எள்ளும் தண்ணியும் விடறவங்க ஒரு பக்கம், பலூன் வாங்கற பிள்ளைங்க ஒரு பக்கம்னு கரையே நிரம்பிடும். தெருக்காரங்க சேர்ந்து ஒரு வேன் பேசியிருந்தாங்க. காலையில ஆறு மணிக்குக் கிளம்பணும். அதைச் சொல்றதுக்குத்தான் பேனர்.

கடல் திருவிழா, கையில இலவசமா இறக்கின ஒரு கடல் ஃபான்ட். விடுவேனா? அது இங்கிலீஷ் ஃபான்ட். தமிழ் எழுத்து அதுல கிடையாது. அதனால ஒரு தமிழ் ஃபான்ட்டை எடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து வளைச்சு நானே அலை ஆக்கினேன். காலி இடத்துல எல்லாம் நீர்க்குமிழி. நம்பருக்கு மட்டும் அந்த இங்கிலீஷ் ஃபான்ட்டையே அப்படியே வச்சேன். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வேலை. ஸ்கிரீன்ல பார்த்தப்ப எனக்கே கண் கலங்கிடுச்சு.

தெருவுல கட்டின பிறகு முதல் அடி. "கடல்" இருக்குல்ல, அந்த ல் மேல இருந்த புள்ளியையும் இளநீலக் குமிழியா போட்டிருந்தேன். பின்னாடி வானமும் இளநீலம். புள்ளி வானத்தோட கரைஞ்சு போச்சு. சின்னப் பசங்க வந்து, "அண்ணே, கடல தீர்த்தவாரின்னு போட்டிருக்கே, வறுத்ததா அவிச்சதா?"ன்னு கேட்டானுங்க. போகட்டும். கடலை போடறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லையேன்னு விட்டுட்டேன்.

ரெண்டாவது அடி தான் நிஜ அடி. அந்த ஃபான்ட்ல 6-ங்கற நம்பரோட தலை, அலை மாதிரி சுருண்டு கீழ இறங்கும். இறங்கற இடத்துல ஒரு குமிழி உக்காந்திருக்கும். பத்தடி தள்ளி நின்னு பார்த்தா அது 8.

தெருவுல பாதிப் பேருக்கு வாய்ச் சேதியாவே நேரம் தெரியும். அவங்க பேனரைப் பார்த்து, பூப்படத்தைப் பார்க்கற மாதிரி ரசிச்சுட்டுப் போயிட்டாங்க. எதிர்வீட்டு ஆயா மட்டும் பேனரைப் படிச்சுச்சு. அது சின்ன வயசுல பள்ளிக்கூடம் போனதில்லை. 1990கள்ல அறிவொளி இயக்கம் வந்தப்ப, நாப்பது வயசுக்கு மேல, ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்துல உக்காந்து எழுத்துக் கத்துக்கிட்ட ஆளு. அதுல இருந்து பஸ் போர்டோ ரேஷன் கடை அறிவிப்போ எதையும் யார்கிட்டயும் கேக்காது. தானே எழுத்துக் கூட்டிப் படிக்கும். அதுல ஒரு கெத்து.

தாத்தா போய் அப்ப மூணு வருஷம். ஒரு மாசி மகத்தையும் ஆயா விட்டதில்லை. அன்னைக்கு ஏழே முக்காலுக்கு, முடிச்சுல எள்ளு கட்டி எடுத்துக்கிட்டு வந்து நின்னுச்சு. வேன் போய் ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆச்சு. தனியா பஸ் ஏறிப் போக கால் முடியாது. திரும்பி வீட்டுக்குப் போயிடுச்சு.

சாயங்காலம் நான் போய் நின்னப்ப திட்டும்னு எதிர்பார்த்தேன். திட்டலை. "எட்டுன்னு தான் கண்ணு படிச்சேன். எனக்குத் தான் இன்னும் சரியா படிக்க வரலை போல இருக்கு"ன்னு சொல்லுச்சு.

தப்பு முழுக்க என்னோடது, அது தன் படிப்பு மேல பழியைப் போட்டுக்கிச்சு. அந்த வார்த்தை ரொம்ப நாள் தூங்க விடலை. எழுத்துக்கு எதுக்கு அலங்காரம், யாருக்காக அலங்காரம், முன்னாடி இருந்தவங்க இதை எப்படிப் பண்ணினாங்கன்னு தேட ஆரம்பிச்சது அப்பறம் தான். தேடினதுல பாதி நம்ம ஊரைச் சுத்தியே கிடைச்சது.

திண்டிவனத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

புளியங்காட்டு ஊருக்குக் கடல் எழுத்து எதுக்குன்னு கேப்பீங்க. திந்திருணி வனம், அதாவது புளியங்காடு, அதுதான் திண்டிவனம் ஆச்சுன்னு ஊர்ப்பேருக்கு விளக்கம் சொல்வாங்க. ஆனா சங்க காலத்துலயே இந்தப் பக்கம் கடலோட ஒட்டின பக்கம் தான். ஓய்மா நாட்டு நல்லியக்கோடன் மேல பாடினது சிறுபாணாற்றுப்படை, பாடினவர் நத்தத்தனார். பரிசு வாங்கப் போற பாணனுக்கு வழி சொல்ற பாட்டு அது. அந்த வழியில எயிற்பட்டினம்னு ஒரு கடற்கரை ஊர் வருது, கிடங்கில்னு ஒரு ஊரும் வருது. எயிற்பட்டினம் இன்னைய மரக்காணம் பக்கம்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. கிடங்கில் இன்னைக்குத் திண்டிவனத்துக்குள்ளயே இருக்கற கிடங்கல். மரக்காணம் உப்பளத்து வழியா ஒரு தடவை போய்ப் பாருங்க, காத்துலயே கரிக்கும்.

அதனால அலை எழுத்து மேல நமக்கு ஆசை வந்ததுல தப்பில்லை. எங்க போட்டோம்ங்கறதுல தான் தப்பு.

கல்லுல எழுதினவங்க

செஞ்சிக்குப் பக்கத்துல திருநாதர்குன்று இருக்கு. பாறையில 24 தீர்த்தங்கரர்களை வரிசையா செதுக்கியிருப்பாங்க. அங்க ஒரு சின்னக் கல்வெட்டு. சந்திரநந்திங்கற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்டதைச் சொல்லுது. காலம் ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டு. தமிழ் பிராமி எழுத்து வட்டெழுத்தா மாறிக்கிட்டிருந்த நேரம். எழுத்து ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இது ரொம்ப முக்கியமான கல். ஆனா அலங்காரம்னு ஒண்ணும் இல்லை. ஒரு மனுஷன், ஒரு எண்ணிக்கை, ஒரு சாவு. அவ்வளவு தான். 57-ஐ யாரும் வேற எண்ணா படிக்கக் கூடாதுல்ல?

அடுத்தது விழுப்புரத்துல இருந்து செஞ்சி போற வழியில மண்டகப்பட்டு. முதலாம் மகேந்திரவர்மன் குடைஞ்ச குகைக்கோயில், 7ஆம் நூற்றாண்டு. செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம இந்தக் கோயிலை உண்டாக்கினேன்னு விசித்திரசித்தன்ங்கற பட்டப்பேரோட பெருமையா சொல்றான். மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ கிரந்தம்.

அவன் வம்சத்துல பின்னாடி வந்தவன் ராஜசிம்மன். 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கம். நம்ம மாவட்டத்துப் பனமலையில தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டினவன் இவன் தான். அங்க சுவர்ல இருக்கற உமையம்மை ஓவியத்தைப் பார்க்கவே ஒரு நாள் போகலாம். ஆனா எழுத்து விஷயத்துல அவனோட பெரிய வேலை காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில்ல இருக்கு. சுத்தி இருக்கற சின்னச் சின்னச் சன்னிதிகள்ல தன்னோட பட்டப்பேர்களை வரிசையா வெட்டி வச்சிருக்கான். 200க்கும் மேல. (நம்ம ஊர் கட்-அவுட் கலாச்சாரம் எங்க ஆரம்பிச்சதுன்னு இப்பப் புரியுதா?)

இதுல தான் விஷயம் இருக்கு. அதே பட்டங்கள் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா பல அடுக்கா, வேற வேற எழுத்து வடிவத்துல வருது. ஒரு அடுக்குல சாதாரண பல்லவ கிரந்தம். இன்னொரு அடுக்குல கொடி சுத்தி, சுருள் விட்டு, பூ வேலை மாதிரி அலங்காரம் பண்ணின எழுத்து. இன்னொண்ணுல வடநாட்டு நாகரி சாயல்.

நான் பார்த்து மலைச்சு நின்னுட்டேன். 1300 வருஷத்துக்கு முன்னாடி, அலங்கார எழுத்தை வெட்டினவன் அதே சேதியைப் பக்கத்துலயே படிக்கற எழுத்துலயும் வெட்டியிருக்கான். எதுக்குன்னு அவன் எழுதி வைக்கலை. ஆனா விளைவு இதுதான்: அழகைப் பார்க்கறவன் ஒண்ணைப் பார்ப்பான், பேரைத் தெரிஞ்சுக்கணும்னு வரவன் இன்னொண்ணைப் படிப்பான்.

அதே 8ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ் நாட்டு மடாலயங்கள்லயும் எழுத்துக்கு வேஷம் கட்டியிருக்காங்க. அங்க மீன் எழுத்து! ரெண்டு மூணு மீனை வளைச்சு, கூட ஒரு பறவையைச் சேர்த்து ஒரு எழுத்தாவே ஆக்கிடுவாங்க. பாரிஸ் பக்கத்துல எழுதின கெலாசியன் சாக்ரமென்டரின்னு ஒரு வழிபாட்டுப் புத்தகம், ஏறக்குறைய 750ஆம் வருஷத்தது, இப்ப வாடிகன் நூலகத்துல இருக்கு. அதுல இந்த மீன் எழுத்துகள் பிரமாதமா இருக்கும். இன்னைக்கு வர கடல் ஃபான்ட்டுக்கெல்லாம் கொள்ளுத் தாத்தா. ஆனா கவனிங்க, மீன் வேஷம் பத்தியோட முதல் எழுத்துக்கும் தலைப்புக்கும் தான். அதுக்கு அப்புறம் வர பிரார்த்தனை முழுக்கச் சாதா எழுத்து. பாதிரியார் சத்தம் போட்டு வாசிக்கணுமே!

ராஜசிம்மனும் அந்த மடாலயத்துக்காரரும் ஒருத்தரை ஒருத்தர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது கோரல் டிரா வச்சிருந்த எனக்குத் தெரியலை.

ஓலை, புள்ளி, சுழி

இங்க தமிழ் எழுத்துக்குன்னே ஒரு தனிப் பிரச்சனை இருக்கு. அதை ஓலையில இருந்து ஆரம்பிக்கணும்.

பனை ஓலையில எழுத்தாணியால நேர்க்கோடு இழுத்தா நரம்போட கிழியும், அதனால எழுத்து வளைஞ்சு உருண்டுச்சுன்னு சொல்வாங்க. புள்ளி குத்தினா ஓட்டை விழும், அதனால புள்ளி வைக்காமலே எழுதிட்டுப் போயிடுவாங்க. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கணும்னு தொல்காப்பியம் சொல்லுது, குறில் எ, ஒ-வுக்கும் புள்ளின்னு சொல்லுது. இலக்கணம் சொன்னாலும் ஓலையில, கல்லுல பெரும்பாலும் புள்ளி வராது. படிக்கறவர் இடம் பார்த்து ஊகிச்சுக்கணும். பண்டிதருக்கு அது பழக்கம். புதுசா எழுத்துக் கூட்டறவங்களுக்கு?

எ-வையும் ஏ-வையும், ஒ-வையும் ஓ-வையும் புள்ளி இல்லாமலே பிரிச்சுக் காட்ட 18ஆம் நூற்றாண்டுல வழி பண்ணினவர் வீரமாமுனிவர். இத்தாலியில இருந்து வந்த பாதிரியார், ஏலாக்குறிச்சியில இருந்தவர். ஏ-வுக்குக் கீழ ஒரு கால், ஓ-வுக்கு ஒரு சுழி, நெடிலுக்கு இரட்டைக் கொம்பு. இன்னைக்கு நாம கெ, கே-ன்னு தடுமாறாம படிக்கறோம்னா அந்த மனுஷன் புண்ணியம்.

இப்ப யோசிங்க. கெ-வுக்கும் கே-வுக்கும் வித்தியாசம் கொம்புல ஒரே ஒரு சுழிப்பு. ன-வுக்கு ரெண்டு சுழி, ண-வுக்கு மூணு சுழி. க-வுக்கும் க்-குக்கும் வித்தியாசம் ஒரு புள்ளி. இங்கிலீஷ் எழுத்துல பெரும்பாலும் நேர்க்கோடு. அதுல நாலு அலையைச் சேர்த்தாலும் எழுத்து எழுத்தாவே நிக்கும். தமிழ்ல சுழிப்பு தான் எழுத்தே. அலைன்னு நினைச்சு ஒரு வளைவு கூடப் போட்டா ன ண ஆயிடும். குமிழின்னு நினைச்சு ஒரு வட்டம் மேல வச்சா உயிர்மெய் மெய் ஆயிடும். நான் அந்த பேனர்ல தெளிச்ச ஒவ்வொரு குமிழியும் ஒரு பொய்ப் புள்ளி. வேணுங்கற ஒரே புள்ளியை வானத்துல கரைச்சுட்டேன். ஓலைக்காரங்களுக்காவது ஓலை கிழியும்னு ஒரு காரணம் இருந்துச்சு.

கப்பல்ல வந்து, நம்ம ஊர்ச் சண்டையில கைமாறினது

அச்சு விஷயத்துல நம்ம எழுத்துக்கும் கடலுக்கும் நிஜமாவே உறவு உண்டு. 1578ல கொல்லத்துல "தம்பிரான் வணக்கம்" தமிழ் எழுத்துல அச்சாச்சு, அன்ரீக் அன்ரீக்கஸ் பாதிரியாரோட வேலை. அப்பறம் 18ஆம் நூற்றாண்டுல தரங்கம்பாடி. 1706ல வந்த சீகன்பால்குவுக்காக லண்டன்ல இருந்து ஒரு அச்சு இயந்திரத்தைக் கப்பல்ல அனுப்பினாங்க. வழியில பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரங்க கப்பலைப் பிடிச்சுட்டாங்க. இயந்திரத்தை ஓட்ட வந்த அச்சுக்காரர் யோனாஸ் ஃபிங்க் நன்னம்பிக்கை முனைப் பக்கம் காய்ச்சல்ல செத்துப் போனார். ஆள் இல்லாம இயந்திரம் மட்டும் 1712ல வந்து சேர்ந்துச்சு. தமிழ் அச்செழுத்து ஜெர்மனியில ஹாலே நகரத்துல வார்த்து, அதுவும் கடல் தாண்டி வந்தது. 1713ல தமிழ் அச்சு ஆரம்பம்.

வந்த எழுத்து ரொம்பப் பெருசு. புதிய ஏற்பாட்டை அதுல அடிச்சா காகிதம் கட்டுப்படியாகாது. அதனால பக்கத்துல பொறையாறுல பட்டறை வச்சு சின்ன எழுத்து வார்த்தாங்க. பாலாடைக்கட்டி வந்த டப்பாவோட ஈயத்தைக்கூட உருக்கினாங்கன்னு சொல்வாங்க. 1715ல புத்தகம் முழுசா வந்தது. அலங்காரம் இல்லை, ஆசை இல்லை. படிக்கணும், காகிதம் மிச்சமாகணும், அதுதான் கணக்கு.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. 1760 ஜனவரி 22, வந்தவாசிச் சண்டை. திண்டிவனத்துல இருந்து பஸ்ல ஒரு மணி நேர ஊர். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியை அங்க தோற்கடிச்சார். அதே வருஷம் மார்ச்சுல திண்டிவனத்துக்குப் பக்கத்துப் பெருமுக்கல் கோட்டை விழுந்துச்சு, கடலோரத்து ஆலம்பரைக் கோட்டையும் விழுந்துச்சு. பிள்ளைங்க இப்ப செல்ஃபி எடுக்கப் போற இடங்கள் தான். அப்படியே தெற்க நகர்ந்து 1761 ஜனவரியில புதுச்சேரி. அங்க கவர்னர் மாளிகையில கிடைச்ச கொள்ளையில ஒரு அச்சு இயந்திரமும் எழுத்துகளும் இருந்துச்சு. அதைச் சென்னைக்குக் கொண்டு போய், என்ன பண்றதுன்னு தெரியாம இருந்தப்ப, வேப்பேரியில இருந்த ஃபப்ரிசியஸ் பாதிரியார் கேட்டு வாங்கினார். கம்பெனி வேலை வந்தா முதல்ல அதை அடிச்சுக் கொடுக்கணும்ங்கறது நிபந்தனை. அந்த வேப்பேரி அச்சகத்துல தான் 1779ல ஃபப்ரிசியஸோட தமிழ்-ஆங்கில அகராதி வந்தது.

சென்னை அச்சுத் தொழிலோட தொடக்கம் நம்ம திண்டிவனத்துப் புழுதியில நடந்த ஒரு சண்டையோட மிச்சம். பள்ளிக்கூடத்துல வந்தவாசிச் சண்டைக்கு ரெண்டு மார்க் கேள்வி உண்டு, இதை மட்டும் யாரும் சொல்லித் தரலை.

தும்பிக்கை போன கதை

பழைய புத்தகம் படிச்சவங்களுக்கு "யானைத் தும்பிக்கை" எழுத்து ஞாபகம் இருக்கும். ணை, லை, ளை, னை இந்த நாலையும் முன்னாடி இணைக்கொம்பு போட்டு எழுத மாட்டாங்க. எழுத்து மேலயே தும்பிக்கை தூக்கின மாதிரி ஒரு வளைவு வரும். பார்த்தா அலை எழும்பற மாதிரியே இருக்கும். கூடவே ணா, றா, னா, அதோட ஒகர ஓகார வரிசை எல்லாம் தனித்தனி உருவம். மொத்தம் 13. பெரியார் 1935ல குடிஅரசுல இதையெல்லாம் மாத்தி அச்சடிக்க ஆரம்பிச்சார். எம்.ஜி.ஆர். ஆட்சியில 1978 அக்டோபர் 19 அரசாணை வந்து, அதுவே எல்லாருக்கும் ஆச்சு.

எங்க அப்பா கடைசி வரைக்கும் தும்பிக்கை "லை" தான் எழுதினார். எனக்கும் அந்த எழுத்து மேல ஒரு இது உண்டு. "கடலை"ன்னு பழைய எழுத்துல எழுதினா கடைசியில நிஜமாவே ஒரு அலை எழும்பும். (கடலைப் பார்த்தேன்னு படிங்க, வேர்க்கடலை இல்லை!) ஆனா புதுசா கத்துக்கறவங்களுக்கு 13 தனி உருவம் குறைஞ்சது. ஆயா மாதிரி ஆளுங்க அறிவொளியில படிச்சது இந்தச் சீர்திருத்த எழுத்தைத்தான். அழகு கொஞ்சம் போச்சு, ஆயா படிச்சுச்சு. இந்த வியாபாரம் எனக்குச் சம்மதம்.

பெயிண்டர் அண்ணனும் படகும்

ஃப்ளெக்ஸ் வரதுக்கு முன்னாடி அலங்கார எழுத்துன்னா அது கையால வந்தது. பத்திரிகையில தொடர்கதைத் தலைப்பை ஓவியர் தான் எழுதுவார். குமுதத்துல வந்த "கடல் புறா" எத்தனை பேரை வாரா வாரம் காத்திருக்க வச்சுதுன்னு நம்ம வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. எழுதின சாண்டில்யன் பிறந்தது நம்ம திருக்கோவிலூர். அது 2019ல கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போயிடுச்சு, ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டோம்ல!

தெருவுல பெயிண்டர்கள். விழுப்புரத்துல எங்க தெரு முனையில ஒரு பெயிண்டர் அண்ணன் இருந்தார். சுண்ணாம்பு தடவின நூலை ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சு "டப்"புனு சுண்டி விடுவார், சுவர்ல கோடு விழும். அந்தக் கோட்டுக்குள்ள கட்டை எழுத்து, அதுக்கு நிழல், அதுக்கு மேல வெள்ளையில ஒரு மினுமினுப்பு. மீன் சாப்பாட்டுக் கடை போர்டுன்னா பேரை அலை மேல மிதக்க விடுவார். என் பேனர் கதையை ஒரு நாள் அவர்கிட்ட சொன்னேன். வாய் நிறைய வெத்தலையோட சிரிச்சுட்டு, "கடைப் பேரை எப்படி வேணா ஆட விடு தம்பி. ஊரும் நம்பரும் ஆடக் கூடாது"ன்னார். நான் காஞ்சிபுரம் போய், வாடிகன் வரைக்கும் படிச்சு கண்டுபிடிச்சதை மனுஷன் வெத்தலை துப்பற நேரத்துல சொல்லிட்டார்.

அப்பறம் மரக்காணம் பக்கம் கடற்கரைக்குப் போனப்ப படகுகளைக் கவனிச்சேன். சாமி பேர், பிள்ளைங்க பேர், நடிகர் பேர் எல்லாம் சுருள் எழுத்துல, பூ வச்சு, மீன் வச்சு. அதே படகுல பதிவு எண் மட்டும் கட்டை எழுத்துல, ஒரு வளைவு இல்லாம. கடலுக்குள்ள தூரத்துல இருந்து பார்க்கறவனுக்கு அது தெரியணும். காணாம போனா அதை வச்சுத்தான் தேடுவாங்க. கடல்லயே வாழறவங்க கடல் அலங்காரத்தை எங்க நிறுத்தறாங்க பாருங்க.

இப்ப கடல் ஃபான்ட் போடப் போற மக்களுக்கு

அனுபவத்துல நாலு விஷயம்.

ஒண்ணு, அலங்கார ஃபான்ட் எல்லாம் பெருசா, ரெண்டு மூணு வார்த்தைக்குப் போடறதுக்குன்னே செஞ்சது. ஏற்கனவே எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தைக்குப் போடுங்க. திருவிழா பேர், கடைப் பேர், புத்தகத் தலைப்பு. தேதி, நேரம், இடம், பணம், ஃபோன் நம்பர், மருந்து, எச்சரிக்கை எதுக்கும் வேண்டாம்.

ரெண்டு, இங்கிலீஷ் கடல் ஃபான்ட்ல தமிழைத் தட்டினா கம்ப்யூட்டர் சத்தம் போடாம வேற ஃபான்ட்டை மாத்திப் போட்டுடும், இல்லைன்னா கட்டம் கட்டமா காட்டும். தமிழுக்குன்னே பண்ணின அலங்கார எழுத்துருக்கள் இப்ப இலவசமாவே இருக்கு. பலூ தம்பி, கவிவனார், காயினி எல்லாம் திறந்த உரிமத்துல கிடைக்குது. அதுல ஒண்ணை எடுத்து நிறத்தாலயும் பின்னணியாலயும் கடலைக் கொண்டு வாங்க. எழுத்தோட எலும்பை உடைக்காதீங்க.

மூணு, குமிழி வேணும்னா புள்ளி இருக்கற இடத்துல மட்டும் வைங்க. தமிழ் எழுத்துல கடவுள் ஏற்கனவே குமிழி வச்சிருக்கார். அது பளிச்சுனு தெரியற நிறத்துல இருக்கட்டும்.

நாலு, அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு பிரிண்ட் எடுத்து சுவர்ல ஒட்டி, தெருவோட அந்தப் பக்கம் நின்னு பாருங்க. முடிஞ்சா மெதுவா படிக்கற ஒருத்தரைப் படிக்கச் சொல்லுங்க. நமக்கு என்ன எழுதியிருக்குன்னு தெரியும், அதனால நம்ம கண் நம்மளை ஏமாத்தும்.

இலவசமா இறக்கற ஃபான்ட்டுக்கு உரிமம்னு ஒண்ணு இருக்கும், கடை வேலைக்குப் போடலாமான்னு அதையும் படிச்சுடுங்க. நண்பன் சார்பா சொல்றேன்.

அடுத்த மாசி மகம்

அடுத்த வருஷம் நானே கேட்டு வாங்கிப் பேனர் பண்ணினேன், காசு வாங்காம. "மாசி மகம்" மட்டும் அலையில. அதுல ஒரே ஒரு புள்ளி தான், ம் மேல. வெள்ளைக் குமிழி, கருநீல வானத்துல. கீழ பெருசா, கட்டை எழுத்துல "வேன் கிளம்பும் நேரம்: காலை 6". அதுக்குக் கீழ மறுபடியும் எழுத்தால "ஆறு மணி". ராஜசிம்மன் மாதிரி ரெண்டு அடுக்கு :-)

கட்டற அன்னைக்கு ஆயாவைக் கூப்பிட்டு, "படி ஆயா"ன்னேன். இடுப்புல கை வச்சு நின்னு, விரலைக் காத்துல வச்சு, "ஆ...று ம...ணி"ன்னு படிச்சுச்சு. ரெண்டாவது தடவை வேகமா படிச்சுச்சு.

மாசி மகத்தன்னைக்கு அஞ்சரைக்கே வேன்ல முன் சீட்டுல உக்காந்திருந்துச்சு. வைத்திக்குப்பத்துல முழங்கால் தண்ணியில நின்னு, தாத்தா பேரைச் சொல்லி எள்ளை விட்டுச்சு. நான் பின்னாடி கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். திரும்பி வரும்போது பேனரைப் பத்தி எதாவது சொல்லும்னு எதிர்பார்த்துக் கேட்டேன்.

"நல்லா தெளிவா இருக்குப்பா"ன்னுச்சு. கொஞ்சம் பொறுத்து, "ஆனா போன வருஷத்தது தான் அழகு."

டிஸ்கி: உங்க ஊர்ப் படகுல, பஸ்ல, டீக்கடையில அலங்கார எழுத்து இருந்தா கண்டிப்பா ஒரு போட்டோ எடுத்து வைங்க மக்களே. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு எங்க பெயிண்டர் அண்ணன் கையெழுத்து விழுப்புரத்துல ரெண்டே சுவர்ல தான் மிச்சம். அதுல ஒண்ணுக்கு அடுத்த பொங்கலுக்கு வெள்ளை அடிக்கப் போறாங்களாம்.